நாலு கண்ணு

“திராட்சை எந்த மரத்துல காய்க்கும்?” என்று கேட்டாள் ஐந்து வயது மகள். “மரம் இல்ல, செடி” என்று திருத்தினான் எட்டு வயது அண்ணன். இரண்டுமே தப்பு. காலாண்டு விடுமுறை முடிய இன்னும் இரண்டு நாள் இருந்தது. நேரில் காட்டிவிடலாம் என்று தேனியில் கம்பம் பஸ் ஏறிவிட்டோம்.

உத்தமபாளையம் தாண்டியதும் சன்னலுக்கு வெளியே நெல், தென்னை, வாழை என்று பச்சை மாறிக்கொண்டே வந்தது. நடுநடுவே, தரைக்கு மேல் பாய் விரித்ததுபோல் திராட்சைப் பந்தல்கள். மேற்கே ஓடிய பெரியாற்றுத் தண்ணீரை மலையைக் குடைந்து கிழக்கே திருப்பிய அணை 1895-இல் திறக்கப்பட்டது. இந்தக் கம்பம் பள்ளத்தாக்கில் 14,707 ஏக்கர் இருபோக நெல் அந்தத் தண்ணீரை நம்பித்தான் விளைகிறது. அணை கட்டிய பென்னிகுக்கின் படம் பல வீடுகளில் சாமி படத்தோடு சேர்ந்து தொங்குவதும் அதனால்தான்.

கம்பத்தில் ஆட்டோ பிடித்துச் சுருளிப்பட்டி சாலையில் போனோம். சுருளி அருவிக்குப் போகிறவர்கள் இறங்கிப் பார்க்க வசதியாகச் சாலையோரத் தோட்டங்கள் சில திறந்தே இருக்கின்றன. நாங்கள் நுழைந்த தோட்டத்தில் கல்தூண் நட்டு, மேலே கம்பி வலை இழுத்து, அதில் கொடியைப் படரவிட்டிருந்தார்கள். இலைக்கூரைக்குக் கீழே கருநீலக் குலைகள் ஆயிரக்கணக்கில் தொங்கின. எனக்குத் தலையில் இடித்தன. பிள்ளைகளுக்கு எம்பினாலும் எட்டவில்லை.

பழம் வெட்டிக்கொண்டிருந்த அக்கா ஒருவர் குலையொன்றை வெட்டி மகளிடம் நீட்டினார். அவள் இரு கையாலும் அள்ளப் போனாள். “காம்பைப் பிடி பாப்பா. பழத்தைத் தொட்டா மேல இருக்கிற வெள்ளை போயிரும். வெள்ளை போனா யாவாரி பழசும்பாரு.” கருப்புத் தோலின் மேல் மாவு தடவியதுபோலிருந்ததை அப்போதுதான் கவனித்தோம். “கழுவிட்டுக் கொடுங்கண்ணே, மருந்து அடிச்சிருக்கு” என்று என்னிடம் தனியாகச் சொன்னார். இலைகளில் நீலம் திட்டுத்திட்டாகக் காய்ந்திருந்தது. மயில்துத்தமும் சுண்ணாம்பும் கலந்த போர்டோ கலவை. திராட்சைக்குப் பேர்போன பிரான்சின் போர்டோ பகுதியிலிருந்து வந்த மருந்து.

வரப்போரம் நான்கு பெண்கள் குலைகளைச் சீர்செய்துகொண்டிருந்தார்கள். வெடித்த பழம், வதங்கிய பழம், கடுகளவில் நின்றுவிட்ட காய் ஆகியவற்றைச் சிறு கத்தரியால் நறுக்கி எடுத்துவிட்டுப் பெட்டியில் அடுக்குகிறார்கள். பக்கத்துப் பழத்தில் கத்தரி முனை பட்டால் சாறு கசிந்து பெட்டியே நாறிவிடும். பேச்சு நிற்கவில்லை; கையும் நிற்கவில்லை. இது பன்னீர் திராட்சை. மஸ்கட் ஹாம்பர்க் என்பது உலகம் அறிந்த பெயர். விதை உண்டு, தோல் மெல்லிசு, மணம் தூக்கல். 2023-இல் ‘கம்பம் பன்னீர் திராட்சை’ என்று புவிசார் குறியீடும் கிடைத்தது. அந்த மெல்லிய தோல்தான் வம்பு. பழுத்து நிற்கும்போது மழை பிடித்தால் வெடித்துவிடும். பெண்களில் ஒருவர் அடிக்கடி மேகமலைப் பக்கம் அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

அடுத்த பந்தலுக்குப் போனால் இலையே இல்லை. கம்பிமேல் வெறும் குச்சிகள். அறுபது வயதைத் தாண்டிய பெரியவர் ஒருவர் கவாத்து வெட்டிக்கொண்டிருந்தார். தலை அண்ணாந்தபடி, இரு கையும் தூக்கியபடி.

“ஏன் தாத்தா எல்லாத்தையும் வெட்டுறீங்க?” என்றான் மகன்.

“வெட்டாட்டி காய்க்காது சாமி. இந்தா பாரு, பென்சில் தண்டிக்கு இருக்கா? இதுல நாலு கண்ணு விட்டு வெட்டணும். அதுல குலை வரும். இது நோஞ்சான். இதுல ரெண்டு கண்ணு போதும், அடுத்த தடவைக்குத் தேறிக்கிரும்.”

கண் என்பது கணுவில் ஒட்டியிருக்கும் மொட்டு. ஒவ்வொரு குச்சியையும் விரலால் தடவிப் பருமன் பார்த்து, கண் எண்ணி, ஒரே வெட்டு. குச்சிக்கு மூச்சு விடும் நேரம்கூட ஆகவில்லை. வெட்டிய நாளிலிருந்து ஏறக்குறைய 120 நாளில் அறுவடை. தோட்டத்துக்குத் தோட்டம் நாளை மாற்றி வெட்டுவதால்தான் இந்தப் பள்ளத்தாக்கில் ஆண்டு முழுக்க எங்காவது பழம் இருக்கிறது.

“ஐப்பசி மழை வரப்போகுதே, இப்ப வெட்டலாமாய்யா?” என்றேன்.

“தளிர்ல மழை விழுந்தா அடிச்சாம்பல் நோய் வரத்தான் செய்யும் தம்பி. மழைக்குப் பயந்தா கொடி சும்மா கெடக்கும், நானும் சும்மா கெடப்பேன்.” கத்தரியை இடுப்பில் செருகிவிட்டுப் பிடரியைத் தேய்த்தார். “வீட்டுக்குப் போனா குனிஞ்சு சோறு திங்கத்தான் கஷ்டம். கழுத்து மேலயே நிக்கும்.” சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. பந்தலைப் போட்டவர்கள் கொடிக்கு வெயிலும் காற்றும் படுகிற உயரம் பார்த்திருக்கிறார்கள். கழுத்துக்கு யாரும் அளவெடுக்கவில்லை.

கீழே கிடந்த குச்சிகளில் நல்லதாக ஒன்றைப் பொறுக்கி மகளிடம் கொடுத்தார். “தொட்டியில ஊனி வையி. இதுலயும் நாலு கண்ணு இருக்கு.”

திரும்பும் பஸ்ஸில் பழப்பெட்டி என் மடியில் இருந்தது. மகன் விரல்விட்டு 120 நாளைக் கணக்குப் போட்டு, தையில், முழுப்பரீட்சைக்கு முன்னால் அந்தத் தாத்தா தோட்டத்தில் பழம் வந்துவிடும் என்று முடிவு சொன்னான். மகள் பழத்தைத் தொடவில்லை. குச்சியை இறுக்கிப் பிடித்து, கணுக்கணுவாகத் தடவி எண்ணிக்கொண்டே வந்தாள். சின்னமனூர் தாண்டும்போது மழை ஆரம்பித்தது. நடத்துநர் சன்னலை இறக்கச் சொன்னார்.

“தாத்தா நனைவாரா?” என்றாள்.

வெடிக்கப்போகும் பழத்தை நினைத்துக்கொண்டிருந்த எனக்கு அது அதுவரை தோன்றவேயில்லை.