ஜன்னல் திறக்குமா?

‘கடல் தெரியும் அறை’ என்பது கணினிக்கு ஒரு கட்டம், அவ்வளவுதான். அறை முன்பதிவு செய்யும் செயலிகளில் ஒவ்வோர் அறைக்கும் இப்படிப் பல கட்டங்கள் இருக்கும். ஏசி உண்டா, வைஃபை உண்டா, காலை உணவு உண்டா, கடல் தெரியுமா. எல்லாவற்றுக்கும் ஆம், இல்லை என்று இரண்டே விடைகள். கடல் எவ்வளவு தூரத்தில் இருக்கிறது, எந்த ஜன்னல் வழியாக எத்தனை அடி அகலத்துக்குத் தெரிகிறது என்றெல்லாம் அதில் எழுத இடமில்லை. நானும் வேறொரு துறைக்கு இப்படிப்பட்ட கட்டங்களை வரைந்து சம்பாதிப்பவன்தான். கட்டத்தில் பொய் இருக்காது. ஆனால் அதில் அடங்காமல் வெளியே நிற்கும் உண்மைகள் நிறைய.

சென்ற ஆண்டு அப்பா அம்மாவைக் கூட்டிக்கொண்டு கிழக்குக் கடற்கரைச் சாலையில் ஒரு ரிசார்ட்டில் ஓர் இரவு தங்கினேன். அப்பா கேட்டதால்தான் போனோம். எதையும் கேட்டுப் பழகாதவர் அவர். பள்ளிக்கூடத்தில் பணம் கட்ட வேண்டும் என்றால்கூட நான் சொல்வதற்கு முன் சட்டைப்பையில் கை விடுவார். அப்படிப்பட்டவர், “தம்பி, ஒரு ராத்திரி கடல் சத்தத்தைக் கேட்டுக்கிட்டே தூங்கணும்ப்பா” என்றார். அதோடு ஒரு வார்த்தை சேர்த்தார்: “காது இருக்கும்போதே.”

எங்கள் ஊர் அரியலூர் பக்கம். அப்பா 31 வருடம் சுண்ணாம்புக்கல் கிரஷரில் வேலை பார்த்தவர். லாரி கொண்டுவந்து கொட்டும் பாறையை இரும்புத் தாடைகள் கடித்து நொறுக்கும் இடம் அது. தொழிற்சாலையில் 8 மணி நேர ஷிப்டுக்கு 90 டெசிபல்தான் உச்ச வரம்பு என்பது விதி. இரைச்சலால் வரும் செவித்திறன் இழப்பு, அப்போதிருந்த தொழிற்சாலைச் சட்டத்தின் மூன்றாம் அட்டவணையில் தொழில்நோய்களில் ஒன்றாக இருந்தது. அப்பாவுக்கு அந்தக் காலத்தில் தெரிந்த காதுப் பாதுகாப்பு, துண்டை மடித்துத் தலையைச் சுற்றிக் கட்டிக்கொள்வது மட்டும்தான்.

இந்த வகைக் கேளாமை உச்ச ஒலிகளைத்தான் முதலில் கொண்டுபோகும். பரிசோதனைத் தாளில் 4000 ஹெர்ட்ஸ் அருகே கோடு பள்ளத்தில் விழுந்துவிடும். குக்கர் விசில், பேத்தியின் குரல், ‘ச’, ‘ஸ’ ஒலிகள் எல்லாம் போய்விட்டன. தாழ்ந்த ஒலிகள் கடைசிவரை தாக்குப்பிடிக்கும். கடலின் இரைச்சலில் அந்தத் தாழ்ந்த ஒலி நிறைய உண்டு. அதனால் அப்பா கேட்டது நடக்கக்கூடிய காரியம்தான். அவருக்கு இன்னும் மிச்சமிருந்த சில சத்தங்களில் ஒன்று அது.

ஏன் கடல் என்று யாரும் கேட்கலாம். அரியலூரில் எந்தத் திசையில் பார்த்தாலும் கடல் தெரியாது. நேர்கோட்டில் போனால் தரங்கம்பாடி 100 கிலோமீட்டருக்குள் வந்துவிடும், அவ்வளவுதான். ஆனால் அப்பா உடைத்ததே கடலைத்தான். கல்லங்குறிச்சிச் சுண்ணாம்புக்கல் படிவம் ஏறத்தாழ 7 கோடி ஆண்டுகளுக்கு முன் ஆழமில்லாத கடலின் அடியில் சேர்ந்தது. பாறையில் சிப்பிகள் அடுக்கடுக்காக ஒட்டிக்கொண்டிருக்கும். பெரம்பலூர் மாவட்டத்தில் காரை கிராமத்துப் பக்கம் போனால் செம்மண் ஓடைகளில் மழைக்குப் பிறகு நத்தைபோலச் சுருண்ட கல்லுயிர்கள் கிடைக்கும். சாத்தனூரில் 18 மீட்டருக்கு மேல் நீளமான ஒரு மரம் கல்லாகிக் கிடக்கிறது. 1940இல் இந்தியப் புவியியல் ஆய்வுத் துறையின் எம்.எஸ்.கிருஷ்ணன் அதைக் கண்டறிந்து சொன்னார். கரையோரம் வளர்ந்த மரத்தை ஆறு அடித்துக்கொண்டுவந்து கடலில் தள்ள, மணலுக்கடியில் புதைந்து கல்லாகிவிட்டது. அதற்கு வயது ஏறத்தாழ 12 கோடி ஆண்டுகள்.

கல்லூரிகளிலிருந்து பிள்ளைகள் சுத்தியலோடு மைன்ஸுக்கு வருவார்கள். அவர்களில் ஒருவன்தான் அப்பாவிடம் ஒரு சிப்பிக்கல்லைக் காட்டி, “இது எல்லாமே கடல் அய்யா” என்று சொல்லியிருக்கிறான். அதற்குப் பிறகு அப்பாவுக்கு வேலை அலுக்கவில்லை என்று சொன்னால் பொய். ஆனால் ஒருமுறை சொன்னார்: “31 வருஷமா கடலை உடைச்சிருக்கேன். அது போட்ட சத்தம் என்னன்னு கேட்டதில்ல. கிரஷர் சத்தம்தான் கேட்டிருக்கேன்.” வேளாங்கண்ணியில் கடலைப் பார்த்திருக்கிறார். ஆனால் பகல் கூட்டத்தில், ஐஸ்காரன் மணிக்கும் ஒலிபெருக்கிக்கும் நடுவில்.

ரிசார்ட்டுக்குப் பகல் 2 மணிக்குப் போய்ச் சேர்ந்தோம். அறை தயாராகவில்லை. வரவேற்பறையில் மூன்றரை மணி நேரம் உட்கார்ந்திருந்தோம். அம்மா கட்டிக்கொண்டு வந்த புளிசாதத்தைத் திறந்தபோது ஒரு பையன் வந்து, “வெளிச் சாப்பாடு அலோவ் இல்ல மேடம்” என்றான். அம்மா வாழ்நாளில் முதன்முறையாக மேடம் ஆனது அப்போதுதான். அவர் மூடி வைத்துவிட்டார்.

அறையில் கடல் தெரிந்தது. இரண்டு கட்டடங்களுக்கு இடையே, ஒரு முழ அகலத்துக்கு, சவுக்கு மரங்களுக்கு அப்பால் நீலமாக ஒரு கோடு. இவ்வளவு தூரத்தில் இருப்பதற்கு நியாயமான காரணமும் உண்டு. 1991ஆம் ஆண்டின் கடலோர ஒழுங்குமுறை மண்டல அறிவிக்கை, ஊர்ப்புறக் கடற்கரைகளில் உயர் அலைக் கோட்டிலிருந்து 200 மீட்டர் வரை புதுக் கட்டுமானங்களைத் தடுத்தது. மக்கள் நெருக்கம் மிகுந்த ஊர்ப்புறங்களில் அதை 50 மீட்டராகக் குறைக்க 2019ஆம் ஆண்டு அறிவிக்கை வழிசெய்தது. கரை எல்லோருக்கும் உரியது, மீனவருக்கு முதலில் உரியது. கட்டடம் தள்ளி நிற்பதில் எனக்கு வருத்தமே இல்லை. அலைச் சத்தம் அந்தத் தூரத்தைத் தாண்டி வரும்.

ஜன்னல்தான் திறக்கவில்லை. தரையிலிருந்து கூரைவரை ஒரே கண்ணாடி. கொக்கியும் இல்லை, கீலும் இல்லை. அப்பா நான்கு ஓரங்களையும் தடவிப் பார்த்தார். கீழே போன் செய்தேன். “அது ஃபிக்ஸ்டு கிளாஸ் சார். ஏசி ரூம்ல?” என்றார்கள். திறக்கிற ஜன்னல் உள்ள வேறு அறை கேட்டேன். அப்படி ஒரு வகை அவர்களிடம் இல்லை. சரி, கரையில் போய் உட்காரலாம் என்று இறங்கினால் பின்பக்கக் கதவில் பூட்டு. “ஆறு மணிக்கு மேல விடக் கூடாதுன்னு ஆர்டர் சார்” என்றார் காவலாளி. அப்பா வயதுக்காரர். அவரிடம் என்ன சண்டை போடுவது? இரவு நீச்சல்குளத்தருகே யாருக்கோ பிறந்தநாள். பதினொன்றரை வரை பாஸ் அதிர்ந்தது. அந்தக் கண்ணாடியைத் தாண்டி உள்ளே வந்த ஒரே சத்தம் அது. தாழ்ந்த ஒலி என்பதால் அப்பாவுக்கு நன்றாகவே கேட்டது.

காலையில் கதவு திறந்ததும் கரைக்குப் போனோம். அப்பா செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு நின்றார். இடது காதை அலைப்பக்கம் திருப்பினார். கொஞ்ச நேரம் கழித்து, “கேக்குது தம்பி” என்றார். பிறகு, “ஆனா படுத்துக்கிட்டுக் கேக்கணும்” என்றார்.

திரும்பும் வழியில் வண்டியில் நான் கொதித்துக்கொண்டிருந்தேன். 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, நாம் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம். கொடுத்த தொகை 5 லட்சம் ரூபாய்வரை என்றால் கட்டணம் கிடையாது, வக்கீலும் கட்டாயமில்லை. இதையெல்லாம் சத்தமாக, ஒவ்வொரு சொல்லாக அப்பாவுக்குச் சொன்னேன்.

“கேஸுல என்ன எழுதுவே?”

“சேவைக் குறைபாடு. கடல் தெரியும் அறைன்னு போட்டிருந்தாங்க.”

“தெரிஞ்சுதே.”

“சத்தம் கேக்கலையே.”

“கேக்கும்னு அவன் எங்க சொன்னான்?” என்றார். “அந்த ஜன்னல் திறக்காதுன்னு மட்டும் எழுதிப்போடு. காசு குடுக்கறவன் தெரிஞ்சு குடுக்கட்டும்.”

மனிதர்கள் ஒரு விடுதிக்கு எதற்காகப் போகிறார்கள் என்பதை விடுதிக்காரர்கள் பார்வை என்ற ஒற்றைப் புலனில் அடக்கிவிட்டார்கள் என்று தோன்றுகிறது. படம் எடுத்து விற்க முடிவது அது ஒன்றுதான். காற்றையும் வாசனையையும் சத்தத்தையும் செயலியில் காட்ட முடியாது. காட்ட முடியாததைக் கட்ட வேண்டியதில்லை என்று முடிவெடுத்துக் கண்ணாடியை ஒட்டிவிடுகிறார்கள். ஏசி செலவு மிச்சம், உப்புக்காற்றில் கீல் துருப்பிடிக்காது, குழந்தை விழுந்துவிடும் பயமில்லை. ஒவ்வொன்றும் தனியாக எடுத்தால் சரியான காரணம். எல்லாம் சேர்ந்தால் கடலோரத்தில் கடல் இல்லாத ஓர் அறை.

அப்பா சொன்ன ஒற்றை வரியைத்தான் அந்தச் செயலியில் எழுதினேன். சமீபத்துப் பரிசோதனைத் தாளில் கோடு இன்னும் கொஞ்சம் இடதுபக்கம், தாழ்ந்த ஒலிகளை நோக்கிச் சரிந்திருக்கிறது. இப்போதெல்லாம் அறை தேடும்போது படங்களைப் பார்ப்பதில்லை. நேராகப் போன் செய்து, “ஜன்னல் திறக்குமா?” என்று கேட்கிறேன். பெரும்பாலானவர்களுக்கு விடை தெரியவில்லை. “பார்த்துட்டுச் சொல்றேன் சார்” என்கிறார்கள், கூப்பிடுவதில்லை. போன வாரம் தரங்கம்பாடிப் பக்கம் பழைய லாட்ஜ் ஒன்றில் போனை எடுத்தவர் மட்டும் தயங்காமல் சொன்னார்:

“திறக்கும் சார். ஆனா கொசு வரும். ராத்திரில அலைச் சத்தம் வேற ரொம்ப இருக்கும், வயசானவங்களுக்குத் தூக்கம் வராது. பின்பக்க ரூம் தரட்டுமா?”

முன்பக்க அறையே போதும் என்றேன்.