ஏலத்துக்கு முன்னால் என்ன பார்க்கிறார்கள்?



புரோ கபடி ஏலம் வந்துவிட்டால் நம் செஞ்சி டீக்கடைகளில் யார் எத்தனை கோடிக்குப் போனான் என்பதுதான் பேச்சு. எதைப் பார்த்து அந்த விலை வைக்கிறார்கள் என்று கேட்பவர் குறைவு. ஆயுசெல்லாம் மார்க் போட்டவன் அல்லவா, எனக்கு அதில்தான் ஆர்வம்.

பொங்கல் போட்டியில் ஒருவன் ஒரே ரெய்டில் மூன்று பேரைத் தொட்டுவிட்டு வந்தால் விசில் பறக்கும். ஆள் எடுக்க வருகிறவர்களுக்கு அது போதாது. எதிரே ஏழு பேரும் நிற்கும்போது கார்னர்காரன் காலைப் பிடிப்பதற்குள் போனஸ் கோட்டில் கால் வைத்துத் திரும்புகிறானா? இரண்டு ரெய்டு வெறுமனே போன பிறகு மூன்றாவதில் புள்ளி எடுத்தே ஆக வேண்டும், இல்லையென்றால் அவுட். அப்போது முகம் எப்படி இருக்கிறது? முப்பது விநாடியை மனசுக்குள் எண்ணத் தெரிகிறதா? எடை 85 கிலோவைத் தாண்டக் கூடாது. இதெல்லாம் போக, நம் பிள்ளைகளுக்குப் பெரிய கண்டம் மேட். செம்மண்ணில் வெறுங்காலோடு சறுக்கித் தப்பித்தவன், ஷூ போட்டு மேட்டில் இறங்கினால் கால் சட்டென்று பிடித்துக்கொள்ளும். மண்ணில் கெட்டிக்காரனாக இருந்தவன் அங்கே முதல் வாரம் தடுமாறத்தான் செய்வான்.

இத்தனை பார்த்தும் கணக்கு தப்புகிறது. 2022-ல் தமிழ் தலைவாஸ் அணி பவன் செராவத்தை 2.26 கோடிக்கு எடுத்தது. அதுவரை யாருக்கும் கொடுக்காத விலை. முதல் ஆட்டத்திலேயே முழங்கால் போய், அந்த சீசன் முழுக்க அவர் உட்கார வேண்டியதாயிற்று. ஏலத்துக்கே வராத புது முகமாகச் சேர்ந்த அரியானா பையன் நரேந்தர் அந்த இடத்தில் நின்று 240-க்கு மேல் ரெய்டு புள்ளி எடுத்தான். அணி முதன்முதலாக அரையிறுதிக்குப் போனதும் அந்த வருஷம்தான்.

பர்தீப் நர்வாலை எடுத்துக்கொள்ளுங்கள். 2017-ல் ஒரே சீசனில் 369 ரெய்டு புள்ளி, 2021-ல் 1.65 கோடி. 2025 ஏலத்தில் அவரை எடுக்க ஆளில்லை. எனக்கு அது கொஞ்சம் வலித்தது.

அமெரிக்காவில் அவர்களுடைய ஃபுட்பாலுக்கு ஆள் எடுக்கும்போது எழுத்துத் தேர்வுகூட வைத்திருந்தார்கள், 12 நிமிடத்தில் 50 கேள்வி! (சிரிக்காதீர்கள், என் சர்ப்ரைஸ் டெஸ்ட் அதைவிடக் கொடுமை என்று சொன்னவர்கள் இங்கே இருக்கிறீர்கள்.) 2000-ல் அங்கே டாம் பிரேடி என்பவரை 199-வது ஆளாகத்தான் எடுத்தார்கள். ஓட்டத்தில் ரொம்ப மெதுவு. பிறகு ஏழு தடவை சாம்பியன் அணியில் ஆடினார்.

இதையெல்லாம் இப்போது எழுதக் காரணம் இருக்கிறது. மேல்மலையனூர் பக்கத்திலிருந்து என் பழைய மாணவன் ஒருவன் போன் செய்தான். மகன் பாலிடெக்னிக் கடைசி வருஷம், நல்ல ரைடர். ஓர் அணியின் தேர்வு முகாமுக்குக் கூப்பிட்டிருக்கிறார்கள். "சார், படிப்பை நிறுத்திட்டு அனுப்பட்டுமா?" என்றான். ஏலத்தின் கடைசிப் பிரிவுக்கே அடிப்படை விலை 9 லட்சம் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். அவனுக்கு இருப்பது ஒண்ணரை ஏக்கர் மானாவாரி.

"அனுப்புப்பா, தடுக்காதே. ஆனா பரீட்சையை எழுதிட்டுப் போகச் சொல்லு. முழங்காலுக்கு யாரும் கேரண்டி தர மாட்டாங்க" என்றேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தான். பிறகு, "பரீட்சைக்கும் முகாமுக்கும் பதினோரு நாள் இடைவெளி இருக்கு சார்" என்றான்.

அந்தப் பதினோரு நாளும் பையன் மேட்டில் ஓட வேண்டும். திண்டிவனம், விழுப்புரம், புதுச்சேரி பக்கம் மேட் போட்டுப் பயிற்சி கொடுக்கிறவர்களைத் தெரிந்தவர்கள் எனக்குத் தனியாக எழுதுங்கள். தங்க ஓர் இடமும் வேண்டும். ஷூ நான் வாங்கிவிட்டேன்.