எப்போது ஒழுகுகிறது?

வாஷிங் மிஷின் ஒழுகுகிறது என்று கூப்பிடுகிறவர்கள் எங்கே ஒழுகுகிறது என்பதையும் சேர்த்தே சொல்லிவிடுவார்கள். அது பெரும்பாலும் தப்பாக இருக்கும். தரை வாட்டத்துக்கு ஓடிவந்து தண்ணீர் தேங்கிய இடத்தைத்தான் அவர்கள் பார்த்திருப்பார்கள். நான் கேட்பது வேறு: "எக்கா, தண்ணி பிடிக்கும்போதா, துவைக்கும்போதா, வடியும்போதா, பிழியும்போதா?"

"எப்பவும்தான் மக்களே. அந்த பைப்ப மாத்திட்டுப் போ."

பைப்பை மாற்ற எனக்கும் ஆசைதான். வேலை குறைவு, காசு உடனே. ஆனால் பிளக்கைப் பிடுங்கி, மிஷினை முன்னால் இழுத்து, அடியை ஈரமில்லாமல் துடைத்து, பழைய பேப்பரை விரிப்பேன். பாதித் தொட்டிக்குத் தண்ணீர் விட்டு, ஓட்டாமல் சும்மா நிற்கவிடுவேன். அப்போதே பேப்பர் நனைந்தால் தொட்டியிலோ இணைப்பிலோ கசிவு. வடியவிடும்போது மட்டும் நனைந்தால் ட்ரெயின் பைப்பின் மடிப்பில் கீறல், அல்லது கிளிப் தளர்ந்திருக்கிறது. எலி கடித்ததும் உண்டு. பிழியும்போது மட்டும் என்றால் ஸ்பின் சீல் போயிருக்கிறது. அந்த மிஷினை அதற்குமேல் ஓட்டவிடமாட்டேன். அந்தத் தண்ணீர் மோட்டார் தலையில் சொட்டும், கரண்டு விஷயம்.

வெளியூர்க்காரர்களுக்கு எங்கள் ஊர் முட்டம் என்றால் 1981இல் வந்த 'அலைகள் ஓய்வதில்லை' படம். எனக்கு முட்டம் என்றால் உப்புக்காற்றில் துருவேறி, கைவைத்ததும் ஒடியும் கம்பிக் கிளிப். இங்கே ஸ்டெயின்லெஸ் ஸ்டீலில் திருகு வைத்த கிளிப்பைத் தவிர வேறு எதையும் நான் போடுவதில்லை. கீறிய பைப்பில் பசையும் டேப்பும் சுற்றுவதிலும் நம்பிக்கை இல்லை. ஒவ்வொரு முறை பிழியும்போதும் பைப் துள்ளும், ஒட்டு விட்டுவிடும்.

இந்தக் கரையில் அதிகம் வரும் கேஸ் ஒன்று உண்டு. செமி ஆட்டோமேட்டிக் மிஷின், துவைத்துக்கொண்டிருக்கும்போதே ட்ரெயின் பைப் வழியாகத் தண்ணீர் நூல்போல் இறங்கிக்கொண்டே இருக்கும். பைப்பில் குறையே இருக்காது. பின்மூடியைக் கழற்றினால் வடிகால் அறை தெரியும். மேலே குமிழைத் திருப்பும்போது ஒரு நாடா ரப்பர் வால்வைத் தூக்கும், விட்டால் ஸ்பிரிங் அதை அமுக்கி மூடும். அந்த வால்வைக் கழற்றி, விரலால் அதன் உதட்டை ஒரு சுற்றுத் தடவுவேன். ஒரு துண்டு தங்கூசி, அதாவது வலை நரம்பு, அகப்படும், மீன்செதில் அகப்படும், கருமணலோ எப்போதும் இருக்கும்.

அந்தக் கருமணல் லேசுப்பட்டதல்ல. பக்கத்து மணவாளக்குறிச்சியில் ஆலை வைத்துப் பிரித்தெடுக்கும் இல்மனைட்தான் அதில் பெரும்பங்கு. வலுவான காந்தத்துக்கு இழுபடும். வெள்ளை மணல் தண்ணீரைவிட 2.65 மடங்கு கனம் என்றால், இது 4.5 மடங்குக்கும் மேல். அதனால் வடியும் தண்ணீரோடு போகாமல் அடியில் தங்கி, வால்வு உட்காரும் இடத்திலேயே படிகிறது. 1909இல் ஷோம்பெர்க் என்ற ஜெர்மானியர் இந்தக் கரையின் மோனசைட் தாதுவைக் கண்டுபிடித்ததும், இங்கிருந்து ஏற்றுமதியான கயிற்றுநாரில் ஒட்டிப்போன மணலை வைத்துத்தான். சாரத்தில், அதாவது லுங்கியில், ஒட்டி வரும் மணலை நான் உள்ளங்கையில் வைத்துப் பார்ப்பதைக் கண்டு சிரிக்கிறவர்களிடம் இதைச் சொல்வேன்.

வால்வின் ரப்பர் மெத்தென்று இருந்தால் கழுவித் திரும்ப மாட்டினால் போதும். விறைத்தோ வெட்டுப்பட்டோ இருந்தால் புதிது. செலவு அவ்வளவுதான்.

ஃபிரண்ட் லோடு வந்த வீடுகளில் கதை வேறு. செமி ஆட்டோமேட்டிக்கில் தண்ணீர் தானாக இறங்குகிறது, பைப் தரையோடு கிடக்கவேண்டும். ஃபிரண்ட் லோடில் பம்பு தள்ளுகிறது. பைப்பின் மேல்வளைவு, கம்பெனி புத்தகத்தில் போட்டிருக்கும் உயரத்தில், பெரும்பாலும் இரண்டடிக்கு மேல் நிற்கவேண்டும். பழைய பழக்கத்தில் அதையும் தரையில் போட்டுவிட்டால், பிடிக்கும் தண்ணீரெல்லாம் உறிஞ்சி வெளியே போய்க்கொண்டிருக்கும். மிஷினுக்குத் தாகம் அடங்காது.

வேலை முடிந்ததும் அதே பேப்பரை மாற்றி விரித்து, ஒருமுறை முழுசாக ஓடவிட்டுப் பார்ப்பேன். அதற்குள் கட்டன் சாயா வந்துவிடும். "எக்கா, கடலுக்குப் போயிட்டு வந்த துணிய நேரா மிஷின்ல போடாதீங்க. வாளியில ஒரு தடவ அலசுங்க, மணல் அடியில நிக்கும். பையில நூல், தங்கூசி கிடக்கான்னு பாருங்க."

"அத நீயே அவருகிட்ட சொல்லு மக்களே. சாயங்காலம் துறைமுகத்துலதான் இருப்பாரு."