கருவி எழுப்பும் ஒலி

கடலை நம்பி வாழும் நம் சகோதரரின் சிறு படகுகளிலும் இன்று ஜி.பி.எஸ்., வயர்லெஸ் முதலிய கருவிகள் இடம்பெற்றுள்ளன. அவை பெரும்பாலும் 12 வோல்ட் பேட்டரி ஒன்றையே நம்பி இயங்குவன. மின்னழுத்தம் தாழ்ந்தால் கருவி ஒலியெழுப்பி எச்சரிக்கும். அவ்வொலியைத் தொல்லையெனக் கருதி அடக்கிவிடுவோர் உளர். எனக்கு அது அச்சம் தருகிறது. 2017 நவம்பர் இறுதியில் ஒக்கிப் புயல் வீசியபோது, முன்னரே ஆழ்கடல் சென்றிருந்த குமரி மாவட்டத்துப் படகுகள் பலவற்றை எச்சரிக்கை எட்டவில்லை; எத்தனை இல்லங்களில் விளக்கு அணைந்தது! எச்சரிக்கை எட்டும் நாளில், அதனைக் கேட்க வேண்டிய கருவி உயிரற்றுக் கிடக்கலாகுமா?

அண்மையில் அடையாற்றை அடுத்த ஊரூர் ஆல்காட் குப்பத்துக் கரையில் இளைஞர் ஒருவர், "புது பேட்டரி போட்டும் கத்துது ஃபாதர், மிஷின்தான் போச்சு" என்றார். உடனிருந்த முதிய மெக்கானிக் கருவியைப் பிரிக்கவேயில்லை. அதனை ஓடவிட்டபடியே மல்டிமீட்டரால் அளந்தார். பேட்டரி முனைகளில் 12.5 வோல்ட், கருவியில் சேரும் ஒயர் முனையில் 11-க்கும் கீழ். இடைவழியில் எங்கோ மின்சாரம் தடைப்படுகிறது என்பது தெளிவாயிற்று. (கருவியை அணைத்துவிட்டு அளந்தால் இவ்வேறுபாடு தோன்றாது, பலர் ஏமாறுவது இங்கேதான்.) ஃபியூஸ் பெட்டியைத் திறந்தார், உப்புக் காற்றால் செம்பில் பச்சை பூத்திருந்தது. பேட்டரி இணைப்பைக் கழற்றிவிட்டு, உப்புத்தாளால் தேய்த்து, இறுக முடுக்கி, மேலே வேஸலின் தடவினார். மீண்டும் இணைத்தபோது ஒலி எழவில்லை.

இரண்டு இடங்களிலும் அளவு ஒருசேரத் தாழ்ந்திருந்தால் பேட்டரியை ஐயுறலாம். புதியதற்குக் கொடுத்த பணத்தை எண்ணி, மீன்கூடையுடன் அங்கு நின்ற அவர் மனைவி பெருமூச்செறிந்தார். அதற்கு மட்டும் மெக்கானிக்கிடம் மருந்தில்லை.