பட்டமும் பட்டாவும்

அரசமைப்புச் சட்டத்தின் 17ஆவது பிரிவு தீண்டாமையை ஒழிக்கிறது. அடுத்த 18ஆவது பிரிவு பட்டங்களை ஒழிக்கிறது. ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் பக்கத்துச் சேரிகளில் நிலப் பத்திரங்களைத் தேடி அலைகிற எங்களுக்கு, இந்த இரண்டும் ஒரே பேச்சாகத்தான் கேட்கின்றன. மேலே ஒருவருக்குப் பெருமை பிறப்பால் இறங்கினால், கீழே இன்னொருவருக்கு இழிவும் பிறப்பால்தான் இறங்கும்.

இங்கிலாந்தில் ஆரண்டல் என்றொரு பிரபுப் பட்டம் உண்டு. 12ஆம் நூற்றாண்டில் தொடங்கியது. 16ஆம் நூற்றாண்டில் மகள் வழியாக இன்னொரு குடும்பத்துக்குப் போய், இன்று நார்ஃபோக் கோமகனிடம் இருக்கிறது. இடையில் அரசு பறித்ததும் உண்டு, திருப்பிக் கொடுத்ததும் உண்டு. அந்த வம்சாவளியில் எங்கள் கண்ணில் பட்டது ஒரே ஒரு விஷயம். ஆரண்டல் கோட்டை யார் கையில் இருக்கிறதோ பட்டமும் அவருக்கே என்ற வழக்கு 15ஆம் நூற்றாண்டில் அந்நாட்டு நாடாளுமன்றம் வரை போயிருக்கிறது. ரத்தத்தோடு மண்ணும் சேர்ந்தால்தான் பட்டம்.

இதைப் புரிந்துகொள்ள நாங்கள் லண்டன் போக வேண்டியதில்லை. பழைய செங்கல்பட்டு மாவட்டத்தில் கோமகன்கள் இல்லை, மிராசுதார்கள் இருந்தார்கள். மிராசு என்ற அரபுச் சொல்லுக்கே வாரிசாக வருவது என்றுதான் பொருள். நம்மவர்கள் அதைக் காணியாட்சி என்றார்கள். ஊர் நிலம் பங்குகளாகப் பிரிந்து, தகப்பனிடமிருந்து மகனுக்கு இறங்கியது. 1816இல் சென்னை கலெக்டர் எல்லிஸ் மிராசு உரிமை பற்றி அரசுக்கு எழுதிய விளக்கம் 1818இல் அச்சானது. அதிலேயே மண்ணோடு கட்டப்பட்ட அடிமைகளைப் பற்றிய பேச்சும் வருகிறது. காணி அவர்களுடைய வாரிசுச் சொத்து. அந்தக் காணியில் உழைப்பது எங்கள் வாரிசுக் கடன்.

1843இல் அடிமைமுறையின் சட்ட அந்தஸ்து போனது. மிராசு போகவில்லை. 1891இல் செங்கல்பட்டு கலெக்டராக இருந்த டிரெமன்கீர், பறையர்களின் நிலை பற்றி எழுதிய அறிக்கையில் இதைத் தெளிவாகப் பிடித்தார். சேரிக்காரர் குடியிருக்கும் மனைகூட மிராசுதார் பிடியில். தரிசு நிலத்துக்கு ஒரு பறையர் தர்காஸ்து மனு போட்டால், எனக்கே முன்னுரிமை என்று மிராசுதார் வந்து நிற்பார். காலியாகக் கிடக்கிற மண்ணும் எங்களுக்கு இல்லை. அந்த அறிக்கையை ஒட்டி 1892இல் பிறந்த அரசாணைதான் பஞ்சமி நிலத்துக்கு அடிப்படை. பத்தாண்டுகளுக்கு விற்கக் கூடாது, அதன் பிறகும் ஒடுக்கப்பட்ட வகுப்பினருக்கு மட்டுமே விற்கலாம் என்பது நிபந்தனை. வாழ்நாளில் முதன்முறையாக எங்கள் பிள்ளைகளுக்கும் இறங்குவதற்கு ஒரு காணி.

மூன்றே ஆண்டுகளில், 1895இல், சென்னை மாகாணத்தில் பரம்பரைக் கிராமப் பதவிகள் சட்டம் வந்தது. கர்ணம் மகன் கர்ணம், மணியக்காரர் மகன் மணியக்காரர். வெட்டி மகன் வெட்டி என்பதற்கும் அதே சட்டம்தான். அந்தச் சட்டத்தின் ஒரு பிரிவு, பழைய பதவிக் குடும்பங்களிலிருந்தே ஆளெடுக்கச் சொன்னது. வம்சாவளி பார்த்து அரசு வேலை தருவது அரசமைப்புக்கு எதிரானது என்று அந்தப் பிரிவை உச்ச நீதிமன்றம் தள்ளுபடி செய்ய, குடியரசாகிப் பத்து ஆண்டுகளுக்கு மேல் ஆயின. தமிழ்நாட்டில் கர்ணம், மணியம் பதவிகள் 1980 நவம்பரில்தான் ஒழிக்கப்பட்டன. பதவி போனது. ஆனால் அதற்குள் கிராமக் கணக்கு எண்பது ஆண்டுகளுக்கும் மேல் அதே கைகளில் இருந்துவிட்டது. பஞ்சமி நிலம் யார் பெயரில் ஏறியது, எப்படி ஏறியது என்று இன்று தேடுகிறவர்கள் முட்டி நிற்கும் இடம் இதுதான்.

இங்கிலாந்திலும் 1999இல் பரம்பரைப் பிரபுக்களில் 92 பேரைத் தவிர மற்றவர்கள் மேலவையில் உட்காரும் உரிமையை இழந்தார்கள். நிலத்தை யாரும் இழக்கவில்லை. பட்டத்தை ஒழிப்பது சுலபம், பட்டாவைத் தொடுவதுதான் கஷ்டம்.

1998இல் இருங்காட்டுக்கோட்டையில் கார் உற்பத்தி தொடங்கியது. 2010இல் ஒரகடத்திலும் தொடங்கியது. ஏரிப் பாசன வயலும் மானாவாரிக் காடும் சதுர அடிக் கணக்கில் விலை பேசப்பட்டன. நிலம் எடுப்பில் இழப்பீடு பட்டாவில் இருக்கும் பெயரைத் தேடிப் போகும். அந்த வயலில் மூன்று தலைமுறை நாற்று நட்டவரைத் தேடிப் போகாது. நாங்கள் வேலை செய்யும் காலனி ஒன்றில் இன்று ஆண்கள் ஒப்பந்தத் தொழிலாளர்கள், பெண்கள் தொழிற்சாலைகளில் துப்புரவுப் பணியாளர்கள். ஊர்த்தெருவில் அதே நிலத்தின் இழப்பீட்டில் எழுந்த வீடுகளில் வாடகைக்குத் தொழிலாளர்கள் இருக்கிறார்கள். மிராசு என்ற சொல்லை அங்கே யாரும் இப்போது பயன்படுத்துவதில்லை. அது வாடகையாக மாறி இறங்கிக்கொண்டிருக்கிறது.

"எங்க தாத்தாவுக்கு சர்க்கார் கொடுத்த நிலம்னு அம்மா சொல்லும், காகிதம்தான் இல்ல" என்று அந்தக் காலனியில் ஒரு அக்கா சொன்னார். பிரபுவின் வம்சாவளிக்குப் புத்தகம் இருக்கிறது. எங்கள் வம்சாவளி இப்படி வாய்வழியாகத்தான் வருகிறது. அலுவலகத்தில் அதற்கு மதிப்பில்லை.

காரணை பஞ்சமி நிலத்தை மீட்கும் போராட்டத்தில் 1994 அக்டோபரில் காவல்துறை சுட்டு ஜான் தாமஸும் ஏழுமலையும் உயிரிழந்தார்கள். இதுவும் இதே பழைய செங்கல்பட்டு மாவட்டத்தில்தான். அவர்கள் கேட்டது புதுச் சலுகை அல்ல. 1892இன் அரசாணையை நடைமுறைப்படுத்தச் சொன்னார்கள்.

ஆகவே இந்தப் பக்கத்துத் தோழர்களுக்கு ஒரு வேண்டுகோள். வீட்டில் பெரியவர்கள் உயிரோடு இருக்கும்போதே நிலத்தின் பெயர், எல்லை, பக்கத்து நிலக்காரர் பெயர் எல்லாவற்றையும் கேட்டு எழுதி வையுங்கள். பட்டா இன்று யார் பெயரில் இருக்கிறது என்பதோடு நிற்காதீர்கள். யு.டி.ஆர். கணக்குக்கு முந்தைய பழைய 'ஏ' ரிஜிஸ்டரின் நகலைத் தகவல் உரிமைச் சட்டத்தில் கேளுங்கள். குறிப்புக் கட்டத்தில் டி.சி. என்ற இரண்டெழுத்து இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் அந்த நிலம் எத்தனை கை மாறியிருந்தாலும் கேள்வி கேட்க உங்களுக்கு வழி இருக்கிறது. எங்களிடம் கொண்டு வாருங்கள், சேர்ந்து மனு எழுதுவோம்.