குச்சி குத்தும் கைகள்

டோக்கியோவில், சிஞ்சுக்கு புகையிரத நிலையத்தின் மேற்கு வாயிலருகே ஓர் ஒடுங்கிய சந்து உண்டு. யுத்தத்தில் எரிந்த நகரத்திலே கள்ளச்சந்தையாக முளைத்தது அது. அரசாங்கப் பங்கீட்டுக்கு உட்படாத குடலையும் ஈரலையும் கரியிற் சுட்டு, பசித்த மக்களுக்கு அன்று விற்றார்கள். இன்று அங்கே உல்லாசப் பிரயாணிகள் படம் பிடிக்கிறார்கள். சென்ற ஆண்டு அவர்களுள் ஒருவனாக நானும் ஒரு சிறு கடையில் அமர்ந்தேன்.

முதலில் கோழி வந்தது. தொடையிறைச்சியும் வெங்காயத் தாளும் மாறி மாறிக் கோத்த மூங்கிற் குச்சிகள். பின்னர் தோல், ஈரல், குருத்தெலும்பு. எதையும் எறியாத ஏழையின் சமையல் அது. அதன்பின் விலாங்கு. சோயாச் சாற்றின் இனிப்பும் கரிப்புகையும் ஏறிய அந்த மீனின் சுவையை நான் மறுக்கப்போவதில்லை.

டோக்கியோவில் விலாங்கை முதுகுப் புறமாகவே கீறுவர். வயிற்றைக் கீறினால் சாமுராய்களின் தற்கொலையை நினைவூட்டும் என்று காரணம் சொல்வர். கட்டுக்கதையாகவும் இருக்கலாம். ஆயினும், ஆளும் வர்க்கத்தின் அச்சத்தை மீனின் முதுகில் எழுதிய அந்தக் கற்பனை என்னைச் சிரிக்க வைத்தது.

விலையோ சிரிப்புக்குரியதன்று. மரியானாத் தீவுகளுக்கு அப்பால் ஆழ்கடலிற் பிறந்து, நீரோட்டத்தில் மிதந்து வரும் கண்ணாடி போன்ற குஞ்சுகளைக் குளிர்கால இரவுகளில் ஆற்றுமுகங்களிற் பிடித்தே பண்ணைகளில் வளர்க்கிறார்கள். 2014இல் இவ்வினம் அழிவை எதிர்நோக்கும் உயிரினங்களின் சர்வதேசப் பட்டியலில் இடம்பெற்றது.

குச்சி குத்த மூன்று ஆண்டு, மீன் கீற எட்டு ஆண்டு, சுடக் கற்க ஓர் ஆயுள் வேண்டும் என்பது இத்தொழிலிற் பெருமையாகச் சொல்லப்படும் வாக்கு. அன்று அடுப்பின் பின்னால் குச்சி குத்திக்கொண்டிருந்தவன் நேபாளத்து மாணவன் ஒருவன். வந்து ஏழு மாதம். மாணவர் வாரத்தில் 28 மணித்தியாலம் மட்டுமே உழைக்கலாம் என்பது அந்நாட்டுச் சட்டம். அந்த ஊதியத்திலேதான் வாடகை, கல்லூரிக் கட்டணம், அவனை அனுப்பத் தகப்பன் பட்ட கடனின் வட்டி எல்லாம். விரல் நுனிகளிற் பழைய குத்துக் காயங்கள் தெரிந்தன.

விலாங்கு உண்டிருக்கிறாயா என்று ஆங்கிலத்திற் கேட்டேன். கேட்டபின்புதான் கேள்வியின் கொடுமை எனக்குப் புலனாயிற்று. அவன் கோபிக்கவில்லை. சட்டி வழிக்கும்போது மிஞ்சும் சாற்றைச் சோற்றில் ஊற்றி உண்டதுண்டு என்றான்.

நான் எழுந்ததும், குவளையிற் கிடந்த வெறுங் குச்சிகளை அவனே எண்ணி முதலாளிக்குச் சொன்னான்: பதினொன்று. அத்தனையும் அன்று மத்தியானம் அவன் குத்தியவை. நான் காசைக் கொடுத்துவிட்டுத் திரும்பிப் பார்த்தபோது, அவன் அடுத்த தட்டுக் கோழித் துண்டுகளைக் கையில் எடுத்திருந்தான்.