வெள்ளைக் குதிரையின் கரிய குட்டி

குரோவேஷியாவின் கிழக்குப் பகுதியாகிய ஸ்லவோனியாவில் ஜாக்கொவோ என்றொரு சிற்றூர் இருக்கிறது. கோதுமையும் மக்காச்சோளமும் விளையும் சமவெளி அது. வெண்ணிறக் குதிரைகளைக் காணும் ஆவலோடு ஒரு கோடையில் நாங்கள் குடும்பமாக அங்குச் சென்றோம். ஊர்ப்புறத்து இவான்ட்வோர் பண்ணையில் முதன்முதல் எங்கள் எதிரில் வந்து நின்றதோ கன்னங்கரிய குட்டியொன்று! ஏமாந்து நின்ற எங்கள் மகளைப் பார்த்துக் குதிரைக்காரர் சிரித்தார். அதன் பின்னால் நின்ற வெள்ளைத் தாயைச் சுட்டிக் காட்டினார். லிப்பிசானர் இனத்தில் அதுதான் இயற்கை. கரியதாகவோ பழுப்பாகவோ பிறக்கும் குட்டி, ஆறு முதல் பத்து ஆண்டுகளில் சிறுகச் சிறுக வெளுத்துவிடும்.

இக்குதிரைகளும் வந்தேறிகளே. ஜாக்கொவோ ஆயர்கள் 1506 முதல் இங்கே குதிரை வளர்த்ததாகச் சொல்லப்படுகிறது. அவை அரபுக் குதிரைகள். லிப்பிசானர் இனமோ இன்றைய ஸ்லோவேனியாவிலுள்ள லிப்பிசாவில் 1580-இல் தொடங்கப்பெற்ற அரச பண்ணைக்கு உரியது. நெப்போலியன் படைக்கு அஞ்சி அப்பண்ணையின் குதிரைகள் பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஓட்டிக்கொண்டு வரப்பட்டபோது ஜாக்கொவோ புகலிடம் தந்தது. அந்த அலைச்சல்களில் பழைய வம்சாவளி ஏடுகள் அழிந்துபோயின. குதிரைகள் பிழைத்தன, அவற்றின் முன்னோர் பெயர்கள் பிழைக்கவில்லை. ஊர்விட்டு ஊர் வந்து வாழும் நம் போன்றவர்க்கு இச்செய்தி சற்றே உறுத்தத்தான் செய்யும்.

பெயரைப் பற்றி ஒன்று சொல்லவேண்டும். இவ்வினத்து ஆண் குதிரைக்கு மரபுப்படி இரட்டைப் பெயர். புளூட்டோ, கன்வெர்சானோ, மயெஸ்டோசோ என்று வழிமுதல்வனின் பெயர் முன்னே வரும். ஈன்ற தாயின் பெயர் பின்னே வரும். பள்ளிப் படிவங்களில் 'குடும்பப் பெயர்' என்ற கட்டத்தில் தந்தை பெயரையே எழுதிப் பழகிய எங்கள் மகள், "குதிரைக்கு அம்மா பெயரும் உண்டா?" என்று இரண்டு முறை கேட்டாள்.

ஊர் நடுவே செங்கல்லால் எழுந்த பேராலயம், 84 மீட்டர் உயர இரட்டைக் கோபுரங்களோடு நிற்கிறது. ஆயர் ஸ்ட்ரோஸ்மாயர் 1866 முதல் 1882 வரை கட்டுவித்தது. சாக்ரெபில் கலை, அறிவியல் கழகம் தோன்றவும் அவரே பொருளுதவி செய்தார். ஜெர்மன், ஹங்கேரிய மொழிகளின் ஆதிக்கம் ஓங்கியிருந்த காலத்தில் தாய்மொழிக்காக வாதாடியவர். ஆலயத்தைக் கண்டு மகிழ்ந்தோம் எனினும், எங்கள் மனம் என்னவோ வீதியில்தான் இருந்தது.

ஏனெனில் அது 'வெசோவி' விழாக்காலம். பூவேலைப்பாடுகள் என்பது சொற்பொருள். 1967 முதல் கோடைதோறும் நிகழ்வது. பூட்டிய வண்டிகள் மணியொலிக்க வருகின்றன. வெள்ளைத் துணியில் பொன்னிழைப் பூவேலை வெயிலில் கண்ணைப் பறிக்கிறது. பெண்களின் மார்பில் காசுமாலை போன்ற பொற்காசு வரிசை. தம்புரா இசைக்கு நடுவே 'பெச்சாரத்ஸ்' பாடுகிறார்கள். இரண்டே அடிகள், அடிக்குப் பத்து அசை. முதலடியை ஒருவர் எடுத்துக் கொடுக்க மற்றவர் திருப்பிப் பாடுவர். அடுத்த அடியில் குறும்பு வெடிக்கும். மொழி புரியாத நாங்களும் சிரித்தோம். எதற்கென்று கேட்டால் விடையில்லை.

ஆரவாரத்தினிடையே குதிரைக்காரர் லிபிக் கதையைச் சொன்னார். அதே ஸ்லவோனியாவிலுள்ள அப்பண்ணை 1991 போரில் குண்டுவீச்சுக்கு இரையாயிற்று. உயிர் தப்பிய குதிரைகள் செர்பியாவுக்குக் கொண்டுபோகப்பட்டன. எஞ்சியவை திரும்பி வந்தது 2007-இல்! பதினாறு ஆண்டுகள். போனபோது கறுத்திருந்த குட்டி திரும்பும்போது வெளுத்திருக்குமே, எப்படி அடையாளம் காண்பது என்று மகள் கேட்டாள். அவர் உடனே விடை சொல்லவில்லை. பிறகு, தாயின் பெயரை ஏட்டில் எழுதி வைப்பது இதற்காகவும்தான் என்றார்.

எட்டு நாடுகளின் லிப்பிசானர் வளர்ப்பு மரபை யுனெஸ்கோ 2022-இல் தன் பண்பாட்டுப் பட்டியலில் சேர்த்துக்கொண்டது. நல்லதே. அன்று மாலை திரும்பும் வண்டியில் எங்கள் மகள் குறிப்பேட்டைத் திறந்து, தன் பெயருக்கு முன் இரண்டு தலைப்பெழுத்துகளை இட்டாள். ஒன்று தந்தையுடையது, மற்றொன்று தாயுடையது. தமிழில்தான் எழுதினாள். றகரம் வேண்டிய இடத்தில் ரகரம் இருந்தது. நாங்கள் திருத்தவில்லை.